ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் தங்கிவிடும் ஆதார்: தனிப்பட்ட தகவலைக் காப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடியில் ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். பிரிண்ட் வேண்டுமென்றால் அந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரர் வாட்ஸ்அப் வெப்பில் திறந்து, டவுன்லோடு செய்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார். நீங்கள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். உங்கள் ஆதாரின் பிடிஎஃப் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடும். அதற்கு மேலே நேற்று வந்தவரின் பான் கார்டு. கீழே யாரோ ஒரு மாணவியின் மார்க் ஷீட். இன்னும் கீழே ஒரு பாஸ்புக்கின் முதல் பக்கம்.

கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு இருக்காது, ஆன்டிவைரஸ் காலாவதியாகியிருக்கும், பகலில் நாலு பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள், பழுதானால் ஹார்டு டிஸ்க்கோடு சர்வீஸ் கடைக்குப் போகும். தனிப்பட்ட தகவல் கசிவது என்றதும் எங்கோ இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கரை நினைக்கிறோம். நம் ஊரில் அது பெரும்பாலும் இப்படித்தான், யாருக்கும் கெட்ட எண்ணமே இல்லாமல் கசிகிறது.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தரங்கம் என்பது ரகசியத்தைப் பற்றியது மட்டும் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. உங்கள் பெயர் ரகசியமில்லை. பிறந்த தேதியும் ரகசியமில்லை, முகநூலில் நூறு பேர் வாழ்த்துகிறார்கள். செல்போன் எண் பால்காரரிடம்கூட இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. இந்த மூன்றும் ஒரே ஆளின் கைக்குப் போனால் அவர் உங்கள் பெயரில் கஸ்டமர் கேருக்குப் பேச ஆரம்பிக்கலாம்.

துண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1990களில் அமெரிக்காவில் லத்தான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை, பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு, ஆராய்ச்சிக்காக வெளியிட்டிருந்தார்கள். பெயர் இல்லாததால் பாதுகாப்பானது என்று நம்பினார்கள். ஸ்வீனி 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். இரண்டிலும் பொதுவாக இருந்தவை பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு. அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்த நகரத்தில் ஆறு பேருக்கு இருந்தது. அவர்களில் மூவர் ஆண்கள். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தது அவர் ஒருவர் மட்டுமே. ஆளுநரின் மருத்துவப் பதிவு வெளியே வந்துவிட்டது. ஒரு பாஸ்வேர்டுகூட உடைக்கப்படவில்லை.

எனவே பாதுகாப்பு என்பது எல்லாவற்றையும் பூட்டி வைப்பதில் இல்லை. அது முடியவும் முடியாது. துண்டுகள் ஒன்று சேரும் இடங்களைத் தெரிந்துகொண்டு அந்த இடங்களில் கவனமாக இருந்தால் போதும். நமக்கு அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக மூன்று: செல்போன் எண், ஆதார், மின்னஞ்சல்.

செல்போன் எண்: எல்லாவற்றையும் கோக்கும் நூல்

வங்கி, யூபிஐ, ஆதார், பான், பிஎஃப், கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, வாட்ஸ்அப் எல்லாம் உங்களை அடையாளம் காண்பது ஒரே பத்து இலக்க எண்ணை வைத்துத்தான். துணிக்கடை பில் கவுன்ட்டரிலும் "நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்பது அதே எண்ணைத்தான். மொபைல் எண் தந்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. "நம்பர் வேணாம், பில் மட்டும் போடுங்க" என்று சொல்லலாம். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

முடிந்தால் இரண்டு எண் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வங்கி, ஆதார், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு மட்டும். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அதில் வாட்ஸ்அப்பும் வேண்டாம். மற்றொன்று ஊருக்கு. இரண்டு சிம் போடும் போனில் இதற்குக் கூடுதல் செலவு அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கும் ரீசார்ஜ் மட்டுமே. யூபிஐ முகவரியிலும் ஒரு சின்ன மாற்றம் செய்துவிடுங்கள். செயலிகள் பலவும் தாமாக உருவாக்கும் முகவரியில் உங்கள் போன் எண்ணே இருக்கும். ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் அனுப்பினாலும் அந்த முகவரி எதிர்ப்பக்கம் தெரியலாம். செயலியின் ப்ரொஃபைல் பகுதியில் எண் இல்லாத வேறொரு முகவரியை உருவாக்கி அதை முதன்மையாக்க இரண்டு நிமிடம் போதும்.

சிம் பற்றிச் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்ப்பது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணையும் வரும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் வரிசையாக வரும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்பு இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. தெரியாத எண் இருந்தால் அதற்கு நேரே "இது என் எண் அல்ல" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாத எண் எப்படி வந்திருக்கும்? குடையைப் போட்டுத் தெருவோரம் சிம் விற்பவரிடம் கைரேகை வைத்திருப்பீர்கள். "முதல் தடவை பதியல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லியிருப்பார். சில நேரம் உண்மையாகவே பதிந்திருக்காது. சில நேரம் அந்த இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம் கிளம்பியிருக்கும். அந்தச் சிம்மை வைத்து யாரோ செய்யும் மோசடிக்குப் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

அடுத்தது சிம் மாற்று மோசடி. உங்கள் பெயர், முகவரி, அடையாள நகல் ஆகியவற்றைச் சேர்த்துவிட்ட ஒருவர், போன் தொலைந்துவிட்டது என்று சொல்லி உங்கள் எண்ணுக்கே டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுவார். அந்த நொடியே உங்கள் போனில் சிக்னல் போய்விடும். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்குச் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரமாக இல்லையென்றால், போனை அணைத்துப் போட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் வராவிட்டால் வேறு போனிலிருந்து உடனே நிறுவனத்தை அழையுங்கள். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவோ போகவோ கூடாது என்று விதி இருக்கிறது. மோசடிக்காரருக்கு ஓடிபி கிடைக்காத அந்த ஒரு நாள் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். "டவர் பிராப்ளம் போல" என்று தூங்கிவிட்டால் அது வீணாகும்.

எண்ணை விட்டுவிடும்போது நடப்பதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்த எண்ணை நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. எண் போய்விடும், ஆனால் உங்கள் வங்கிக் கணக்கும் ஜிமெயிலும் ஷாப்பிங் கணக்கும் அந்த எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும். உங்கள் ஓடிபிகள் முகம் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும். அவர் நேர்மையானவராக இருந்தாலும் உங்கள் கணக்கு விவரம் அவருக்குத் தெரிந்துவிடும். வெளிநாடு போகிறவர்கள், சிம் மாற்றிக்கொண்டே இருக்கும் கல்லூரி மாணவர்கள், மறைந்த பெற்றோரின் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விடும் குடும்பங்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். எண்ணை விடுவதற்கு முன்பே வங்கி, ஆதார், வருமான வரித் தளம், பிஎஃப், மின்னஞ்சல் மீட்பு எண் ஆகியவற்றை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "எண்ணை மாற்று" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள்.

வாட்ஸ்அப்பைப் பறிக்கும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். "தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்துருச்சு, கொஞ்சம் அனுப்புங்க" என்று தெரிந்தவரின் கணக்கிலிருந்தே செய்தி வரும். அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். அந்த ஆறு இலக்கத்தைக் கொடுத்தால் அடுத்தது உங்களுடையது. செட்டிங்ஸில் "இரண்டு படிச் சரிபார்ப்பு" என்பதை இயக்கி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஆறு இலக்க பின் வைத்துவிட்டால், எஸ்எம்எஸ் கோடு கிடைத்தாலும் மோசடிக்காரரால் அவ்வளவு சுலபமாக உள்ளே வர முடியாது. அந்த பின்னை மறந்தால் மீட்க ஒரு மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். அதைச் சேர்க்காதவர்கள் பின்னை மறந்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலையும் மாதம் ஒருமுறை பாருங்கள். என்றோ ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தது இன்னும் அங்கே இருக்கலாம்.

கூரியர்காரர், வங்கி ஊழியர் என்று யார் சொன்னாலும், நட்சத்திரக் குறியில் ஆரம்பிக்கும் எண்ணை டயல் செய்யாதீர்கள். அவற்றில் சில உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும். அழைப்பில் வரும் ஓடிபி நேராக அவர்களிடம் போகும். இந்த டயல் முறைத் திருப்பலை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் போனின் கால் செட்டிங்ஸில் "கால் ஃபார்வர்டிங்" பகுதியைத் திறந்து, நீங்கள் போடாத எண் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆதார்: பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு

ஆதாரின் 12 இலக்கம் மட்டும் தெரிந்துவிட்டால் வங்கியிலிருந்து பணம் போய்விடும் என்ற பயம் தவறு. எண் மட்டும் போதாது. ஆபத்து, எண்ணும் கைரேகையும் சேரும்போது வருகிறது. கிராமங்களில் வங்கி முகவர்கள் சின்ன இயந்திரத்தை வைத்துக்கொண்டு பணம் கொடுப்பார்களே, அந்த ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவுக்கு ஏடிஎம் கார்டு வேண்டாம், பின் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை இருந்தால் போதும். நூறு நாள் வேலைச் சம்பளத்தையும் முதியோர் பென்ஷனையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் நல்ல திட்டம் அது. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைப் படங்களை எடுத்து, ரப்பர் போன்ற சிலிகோனில் வார்த்து, அந்த இயந்திரத்தில் வைத்துப் பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் நடந்திருக்கின்றன. பாஸ்வேர்டை மாற்றலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது.

இதற்குப் பூட்டு இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ "பயோமெட்ரிக் லாக்" என்ற வசதி உண்டு. ஆதாரோடு இணைத்த போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்துப் பூட்டலாம். பூட்டிய பிறகு யார் ரேகை வைத்தாலும், நீங்களே வைத்தாலும், இயந்திரம் மறுத்துவிடும். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். மகன் சென்னையில் உட்கார்ந்து அம்மாவின் ஆதாரைப் பூட்டிவிடுவார். அம்மா ஊரில் ரேஷன் கடைக்குப் போய் விரல் வைப்பார், மறுக்கும், மறுபடி வைப்பார், மறுக்கும். விரல் தேய்ந்துவிட்டது என்று நினைத்து வீடு திரும்புவார். இயந்திரத்தில் 330 என்ற பிழை எண் வந்தால் ரேகையில் குறையில்லை, பூட்டுப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். வேண்டும்போது தற்காலிகமாகத் திறந்தால் சில நிமிடத்தில் அது தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். எனவே ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்று, ரேஷன், சிம் வாங்குவது ஆகிய நாட்களில் திறப்பது யார் என்று வீட்டில் பேசி வைத்துவிட்டே பூட்டுங்கள். ஆதாரோடு எந்தப் போன் எண்ணும் இணைக்காதவர்களால் இதைச் செய்ய முடியாது. அவர்களுக்கு முதல் வேலை ஆதார் மையத்தில் எண்ணைச் சேர்ப்பது.

அதே தளத்தில் "அங்கீகார வரலாறு" என்று ஒன்று இருக்கிறது. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எந்தத் தேதியில், எந்த நேரத்தில், ரேகையாலா ஓடிபியாலா சரிபார்க்கப்பட்டது என்று காட்டும். நீங்கள் வீட்டில் இருந்த நாளில் ஒரு ரேகைச் சரிபார்ப்பு இருந்தால், அல்லது அப்படி ஒரு முயற்சி தோற்றிருந்தால், உடனே பூட்டிவிட்டு ஆதார் ஆணையத்தின் உதவி எண்ணான 1947ஐ அழையுங்கள்.

இப்போது நகல்களுக்கு வருவோம். விடுதியில் அறை எடுக்க, வாடகை ஒப்பந்தம் போட, பார்சல் வாங்க என்று எங்கும் நகல் கேட்பார்கள், ஆனால் முழு எண்ணோடு கொடுக்க வேண்டிய இடங்கள் மிகக் குறைவு. முதல் 8 இலக்கத்தை மறைத்து கடைசி 4 மட்டும் காட்டும் "மாஸ்க்டு ஆதார்" ஒன்றை ஆணையமே தருகிறது. டவுன்லோடு செய்யும் இடத்தில் அதற்கான கட்டத்தை டிக் செய்தால் போதும். எண்ணையே கேட்கும் இடத்தில் 16 இலக்க மெய்நிகர் அடையாள எண்ணைக் கொடுக்கலாம். புதிது ஒன்று உருவாக்கினால் பழையது செல்லாது.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருப்பதால் அதை அப்படியே அனுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு என்ன? ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். பெயர் ஃபைலிலேயே இருக்கும், அனுப்பியவரின் வாட்ஸ்அப் பெயரிலும் இருக்கும். வருடத்தை அறுபது எழுபது தடவை முயன்றால் கண்டுபிடித்துவிடலாம், கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டும் நேரம். அது வெறும் கொண்டி. பூட்டு என்று நம்பாதீர்கள்.

நீங்களே எண்ணை மறைப்பதானால், போனின் எடிட்டரில் உள்ள மார்க்கர் பேனாவால் தேய்க்க வேண்டாம். அது பலவற்றில் பாதி ஒளிபுகும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் தெரிந்துவிடும். கெட்டியான கறுப்புக் கட்டத்தை வையுங்கள், அல்லது அந்தப் பகுதியையே வெட்டிவிடுங்கள். க்யூஆர் கட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். பழைய அட்டைகளின் க்யூஆரில் முழு எண்ணுமே இருக்கும். காகித நகல் கொடுத்தால் "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று காரணத்தையும் தேதியையும் பேனாவால் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம், படத்தின் மேலேயே குறுக்காக எழுதுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் என்ன செய்வது? பிரிண்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் "அனைவருக்கும் நீக்கு" என்று அழுத்துவது நல்லதுதான், ஆனால் அது அரட்டையிலிருந்து மட்டுமே போகும். டவுன்லோடு ஆன பிரதி அப்படியே இருக்கும். கடைக்காரரிடம், "அண்ணே, டவுன்லோடுலயும் டெலிட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்" என்று கேளுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலிட் அடித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராக நீங்கும். பத்து பேர் இப்படிக் கேட்டால் பதினொன்றாவது ஆளுக்குக் கடைக்காரர் தாமாகவே செய்வார்.

மின்னஞ்சல்: பழைய சாவிக்கொத்து

பலர் மின்னஞ்சலைத் திறந்தே மாதக்கணக்காகியிருக்கும். ஆனால் எந்தக் கணக்கிலும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் புதிய சாவி வந்து சேர்வது அங்கேதான். அது பறிபோனால் மற்றவை ஒவ்வொன்றாகத் திறக்கும். அதனால் அதற்கு வைக்கும் பாஸ்வேர்டு வேறெங்கும் இருக்கக் கூடாது. ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து திருடுபோகும் மின்னஞ்சல், பாஸ்வேர்டு ஜோடிகளை மோசடிக்காரர்கள் மற்ற எல்லாத் தளங்களிலும் தானியங்கியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு கடினமானதாக இருந்தாலும், இரண்டு இடத்தில் இருந்தால் வலிமை போய்விடும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். பழமொழியோ சினிமாப் பாட்டு வரியோ வேண்டாம், அவை ஊருக்கே தெரியும். "தந்தை பெயர் என்ன?" என்பது போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தராதீர்கள். நம்மிடம் இனிஷியலே அப்பா பெயர்தான். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா, பாட்டி, தாய்மாமன், சொந்த ஊர் வரை அச்சடித்து அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுகிறோம். அந்தக் கேள்விக்கு எதையாவது சம்பந்தமில்லாமல் எழுதி, என்ன எழுதினீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து பீரோவில் வையுங்கள். வீட்டு நோட்டில் எழுதுவது தப்பு என்பார்கள். இணையத் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை.

இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். எஸ்எம்எஸ்ஸைவிட, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியோ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் பூட்டைத் திறந்தே உள்ளே போகவிடும் பாஸ்கீயோ மேல். சிம் பறிபோனாலும் அவை போகாது. கூகுள் கணக்கில் 8 இலக்கம் கொண்ட 10 காப்புக் குறியீடுகள் கிடைக்கும். அவற்றைக் காகிதத்தில் எழுதி அதே பீரோவில் வையுங்கள். போன் தொலையும் அன்று அந்தக் காகிதம்தான் உங்களை உள்ளே விடும்.

செயலிகள் கேட்கும் அனுமதி

போனின் செட்டிங்ஸில் ப்ரைவசி, அதற்குள் பர்மிஷன் மேனேஜர் என்று போங்கள். லொகேஷன், மைக், கேமரா, கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் ஒவ்வொன்றையும் எந்தெந்தச் செயலி வைத்திருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். கேள்வி ஒன்றுதான்: இந்த வேலைக்கு இந்தத் தகவல் எதற்கு? டாக்ஸி செயலிக்கு இருப்பிடம் வேண்டும், ஆனால் "பயன்படுத்தும்போது மட்டும்" போதும். வானிலைச் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும், தெரு தேவையில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் "தோராயமான இருப்பிடம்" என்று தரலாம். நாள்காட்டிச் செயலி கான்டாக்ட்ஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கான்டாக்ட்ஸ் அனுமதியில் போவது உங்கள் தகவல் மட்டுமில்லை. உங்கள் தங்கையின் எண், மகளின் டீச்சர் எண், டாக்டர் எண் எல்லாம் போகின்றன. அவர்களில் யாரும் சம்மதிக்கவில்லை. உடனடிக் கடன் தரும் செயலிகள் இதை வைத்துத்தான் கொடுமை செய்தன. தவணை தவறினால் போனிலிருந்து எடுத்த எண்களுக்கெல்லாம் மார்ஃபிங் செய்த படத்தை அனுப்பினார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி கடன் செயலிகள் கான்டாக்ட்ஸ், கால் பட்டியல், படங்கள், ஃபைல்கள் எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைக் கணக்குத் தொடங்கும்போது ஒரு தடவை மட்டும் சம்மதத்தோடு கேட்கலாம். கான்டாக்ட்ஸ் கேட்கும் கடன் செயலி விதியை மீறுகிறது. அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை, அழித்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ், ஆக்சஸிபிலிட்டி இரண்டும் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. முதலாவது ஓடிபியைப் படிக்கும். இரண்டாவது, பார்வையற்றோருக்கு உதவும் செயலிகளுக்காக வைத்த வசதி. திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் அதனால் முடியும். வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல்கள், அதாவது செயலியை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்கள், இவற்றைத்தான் கேட்கின்றன. அழைப்பிதழ் என்பது படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். எந்த அழைப்பிதழையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அனுப்பியவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் அவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அவர் போனிலிருந்து அந்த ஃபைல் தானாகவே கிளம்பியிருக்கலாம்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. போன் கேமராவில் இருப்பிடம் இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். "டாக்குமென்ட்" என்று அனுப்பினால் அப்படியே போகும். பழைய சோபாவை விற்க எடுத்த படத்தில் உங்கள் வீட்டு வாசலின் துல்லியமான இடம் இருக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன தருகிறது

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2023 ஆகஸ்டில் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் மேல் விழும் பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் முடிந்த பிறகு, என்ன தகவல், எதற்காக என்று நிறுவனம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம். மீறலுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அரசு அமைப்புகளுக்குப் பரந்த விலக்கு கொடுத்திருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்பதையும் சொல்ல வேண்டும்.

பணம் போய்விட்டால்

அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண்ணான 1930. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்கத் தவிப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள், ஏனென்றால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். வெளியே எடுக்கப்படுவதற்கு முன் அந்தக் கணக்கை முடக்க முடிந்தால்தான் மீட்க வழியுண்டு. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், போன கணக்கு அல்லது யூபிஐ முகவரி. அடுத்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கி, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள்.

அந்த நேரம் ஏன் முக்கியம்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியே எங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு, புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. இரவு 9.40க்குப் புகார் செய்து, 9.55க்கு இன்னொரு 50,000 ரூபாய் போனால், அந்த 50,000 வங்கி தர வேண்டியது. 9.40 என்று எழுதிய தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.